காற்றுவில்லும் கசிவும்

மோட்டார் வண்டி ஒன்று கால் மடக்கிப் படுத்திருப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். ஐப்பசி மாதத்து விடியற்காலையில், என் மகள் வீட்டு வாயிலில் பார்த்தேன். முதல் நாள் இரவு நிமிர்ந்து நின்ற பெரிய வண்டி அது. எஸ்.யு.வி. என்று இக்காலத்தார் சொல்லும் வகையைச் சேர்ந்தது. மேடுபள்ளம் பாராமல் ஓடக்கூடியது. என் மருமகன் அதைப் பழைய வண்டியாக வாங்கியிருந்தார். விடிந்து பார்த்தால், வயல் வேலை முடிந்த வண்டிமாடு போல நான்கு பக்கமும் தாழ்ந்து, சக்கரங்கள் மட்கார்டுக்குள் புதைந்து, தரையோடு தரையாகக் கிடந்தது. எஞ்சினை முடுக்கியதும் அடியிலிருந்து ஒரு முனகல் கேட்டது. நெடுநேரம் முனகிய பின், வண்டி முதலில் பின்புறமும் பிறகு முன்புறமுமாக மெல்ல எழுந்து நின்றது.

"மூன்று மாதமாக இப்படித்தான், மாமா. இரண்டு கம்ப்ரஸர் மாற்றியாகிவிட்டது. இந்த மூன்றாவதும் போய்விடும் போலிருக்கிறது" என்றார் மருமகன்.

ஒவ்வொரு முறையும் அவர் கொடுத்த தொகை ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியரின் மாதச் சம்பளத்திற்குக் குறைந்ததன்று. வண்டியைப் பழைய இரும்புக்காரருக்கே கொடுத்துவிடலாமா என்ற எண்ணம் அவருக்கு வந்திருந்தது. அந்தக் காலையில் எனக்குத் தோன்றிய கேள்வி வேறு. இரும்பு வில்லின் மேல் நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டிகளைக் காற்றின் மேல் உட்கார வைத்தவர்கள் யார்? ஏன் வைத்தார்கள்? காற்று ஓடிப்போகும் பொருள் என்பது சைக்கிள் ஓட்டும் சிறுவனுக்கும் தெரியுமே, அவர்களுக்குத் தெரியாதா? இந்தக் கேள்வியைத் தொடர்ந்து சென்றால் முந்நூற்றறுபது ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு ஒன்று விரிகிறது.

காற்றுக்கு வில்லின் தன்மை உண்டு என்பதை நூலின் தலைப்பிலேயே வைத்துச் சொன்னவர் இராபர்ட் பாயில். 1660-இல் வெளிவந்த அவருடைய நூலின் பெயரிலேயே "காற்றின் வில்" என்னும் பொருள்படும் சொற்கள் உள்ளன. ஆட்டுரோமத்தை ஒரு குவியலாக வைத்துக் கையால் அமுக்கினால் அமுங்கும். கையை எடுத்தால் மீண்டும் எழும். காற்றின் நுண்ணிய பகுதிகளும் அப்படிப்பட்டவையாக இருக்கலாம் என்று அவர் விளக்கினார். 1662-இல் வந்த இரண்டாம் பதிப்பில், வளைந்த கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை ஊற்றிக் கண்ட அளவுகளை வெளியிட்டார். வெப்பநிலை மாறாதிருக்கும்போது காற்றின் பருமனைப் பாதியாக்கினால் அழுத்தம் இரு மடங்காகிறது. நீங்கள் பள்ளியில் படிக்கும் பாயில் விதி இதுவே.

பாயிலின் சோதனைகளுக்குக் காற்றுப் பம்பு அமைத்துக் கொடுத்தவர் இளைஞரான இராபர்ட் ஹூக். பிற்காலத்தில், 1678-இல், இரும்பு வில்லின் நீட்சிக்கும் அதன் மேல் செலுத்தும் விசைக்கும் உள்ள தொடர்பை விதியாக வெளியிட்டவரும் அவரே. இரும்பு வில்லின் இலக்கணமும் காற்று வில்லின் இலக்கணமும் ஒரே அறையில் வேலை செய்த இருவரிடமிருந்து பிறந்தன என்பது வியப்பான செய்தி. பிற்காலத்து வண்டிகளில் இவ்விரண்டு விற்களும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு போட்டியிட்டன.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் பாயில் விதியைக் கற்பித்தவன். கரும்பலகையில் சமன்பாட்டை எழுதுவேன், இரண்டு கணக்குப் போடச் சொல்வேன், மணி அடித்துவிடும். அந்தப் பம்பு ஒழுகியது என்பதை ஒரு மாணவனுக்கும் நான் சொன்னதில்லை. உண்மையில் பாயிலுக்கும் ஹூக்குக்கும் பெருந்தொல்லை கொடுத்தது காற்றைப் பற்றிய கொள்கையன்று, கசிவு. மூடியின் விளிம்பிலும் பிஸ்டனின் ஓரத்திலும் காற்று புகுந்துகொண்டே இருந்தது. எண்ணெய் இட்டும் பசை பூசியும் அதைத் தடுக்க அவர்கள் பாடுபட்டார்கள். பம்பைக் கண்டு தாமும் ஒன்று செய்த டச்சு அறிஞர் ஹைகன்ஸ் முதலியோருக்கும் இதே துன்பம். காற்றைப் பற்றிய அறிவு பிறந்த நாளிலேயே கசிவும் உடன்பிறந்தது. பாடநூலில் விதி மட்டும் தங்கிற்று, கசிவைக் காணோம்.

காற்றை வண்டிக்குள் கொண்டுவர ரப்பர் வேண்டியிருந்தது. வெயிலில் இளகிக் குளிரில் இறுகும் பச்சை ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதிப்படுத்தும் முறையைச் சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டார். அதற்குப் பின் ஆறே ஆண்டுகளில், 1845-இல், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த இராபர்ட் வில்லியம் தாம்சன் காற்றடைத்த சக்கரத்திற்கு உரிமைப் பட்டயம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 23. ரப்பர் ஊட்டிய துணியால் உள்பையும் தோலால் வெளியுறையும் செய்து குதிரை வண்டிகளில் பூட்டி ஓட்டிக் காட்டினார். ஆனால் உலகம் அதை மறந்துவிட்டது. பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்குக் காற்றுக்குழாய் கட்டிப் பார்த்து, 1888-இல் மீண்டும் உரிமை பெற்ற பிறகே காற்றுச் சக்கரம் உலகெங்கும் பரவியது.

டயரும் கசியத்தான் கசிந்தது. அதற்காக மக்கள் அதைக் கைவிடவில்லை. ஏன்? அதன் நோயை அறியும் வழி எளிது; மருந்தும் எளிது. நம் ஊர்ப் பங்ச்சர் கடையை நினைத்துப் பாருங்கள். ஓர் அகன்ற சட்டியில் தண்ணீர். காற்றடித்த டியூபை அதில் அமுக்கிக்கொண்டே சுற்றுகிறார் கடைக்காரர். குமிழி வரும் இடத்தில் விரலை வைக்கிறார். அரத்தால் தேய்த்து, சொல்யூஷன் பூசி, துண்டு ஒட்டுகிறார். கண்ணுக்குப் புலப்படாத கசிவைக் கண்ணுக்குக் காட்ட மனிதன் கண்ட வழிகளில் இதைவிடச் சிறந்ததை நான் அறியேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சக்கரத்தில் காற்றை வைத்தவர்கள், சக்கரத்திற்கும் வண்டியின் உடலுக்கும் இடையே இருக்கும் இரும்பு வில்லை எடுத்துவிட்டு அங்கும் காற்றை வைத்தால் என்ன என்று எண்ணியது இயல்பே. அமெரிக்காவில் 1901-இலேயே இதற்கு ஓர் உரிமைப் பட்டயம் வழங்கப்பட்டது. பிரான்சில் ஜார்ஜ் மெசியே 1920-களில் இரும்பு வில் அறவே இல்லாத, காற்றமுக்க உருளைகளின் மேல் நிற்கும் கார்களைக் கட்டி விற்றார். கார்த் தொழில் அவருக்குக் கைகொடுக்கவில்லை. அந்த அறிவு ஆகாய விமானத்தின் இறங்கு சக்கரங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. மெசியே என்ற பெயர் அத்துறையில் நெடுங்காலம் நிலைத்தது.

இரும்பு வில்லில் குறை என்ன என்று நீங்கள் கேட்கலாம். குறை, சுமை மாறும்போது வெளிப்படுகிறது. ஐம்பது பேர் ஏறும் பேருந்தை எண்ணிப் பாருங்கள். ஆள் ஒருவருக்கு 60 கிலோ என்றால் 3,000 கிலோ எடை ஏறி இறங்குகிறது. நிறைந்த வண்டியைத் தாங்கும்படி வில்லைக் கட்டினால், வெறும் வண்டி ஓடும்போது பயணியின் எலும்பு குலுங்கும். வெறும் வண்டிக்கு ஏற்ப இளக்கிக் கட்டினால், கூட்டம் ஏறியதும் அடித்தட்டு தரையைத் தொடும். காற்றுவில்லில் இந்தச் சங்கடம் இல்லை. சுமை கூடினால் இன்னும் சிறிது காற்றை உள்ளே செலுத்தலாம். உயரம் பழையபடி நிற்கும். அழுத்தம் கூடக் கூட வில்லின் விறைப்பும் ஏறக்குறைய அதே விகிதத்தில் கூடுவதால், நிறைந்த வண்டியும் வெறும் வண்டியும் ஏறத்தாழ ஒரே வகையாக அசைகின்றன. சுமையை அறிந்து தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் வில் என்று இதைச் சொல்லலாம்.

ஆகவே பேருந்துகளே முதலில் இதை உறுதியாகப் பற்றிக்கொண்டன. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1953 முதல் காற்றுவில் பூட்டிய பேருந்துகளை விற்றது. 1954-இல் வந்த கிரேஹவுண்டு நிறுவனத்தின் புகழ்பெற்ற இரண்டடுக்கு நெடுந்தூரப் பேருந்தும் காற்றின் மேல்தான் ஓடியது. அன்று தொடங்கிய வழக்கம் இன்று உலகெங்கும் உள்ளது. சென்னையில் 2024 முதல் ஓடும் புதிய தாழ்தளப் பேருந்துகள், முதியவர் ஏறுவதற்காக நிறுத்தத்தில் ஒரு பக்கம் தாழ்ந்து கொடுப்பதை உங்களிற் சிலர் பார்த்திருப்பீர்கள். அதுவும் காற்றுவில்லின் வேலையே. அந்தத் தாழ்வு பணிவினால் வருவது. என் மருமகன் வண்டி தாழ்ந்ததோ நோயினால்.

பேருந்தில் வெற்றி கண்டதும், அதே ஜெனரல் மோட்டார்ஸ் சொகுசுக் காருக்குக் காற்றுவில்லைக் கொண்டுவந்தது. 1957-இல் வெளிவந்த காடிலாக் எல்டராடோ பிரௌம் என்னும் காரின் விலை 13,074 டாலர். அக்காலத்து அமெரிக்காவில் அது ஒரு வீட்டின் விலை. நான்கு சக்கரத்திற்கும் காற்றுவில். அடுத்த ஆண்டு, 1958-இல், ஷெவர்லே முதல் பியூக் வரை அந்த நிறுவனத்தின் மற்றக் கார்களிலும் விரும்பியவர்க்குக் காற்றுவில் கிடைக்கும் என்று அறிவித்தார்கள். விளம்பரங்கள் மேகத்தின் மேல் மிதப்பதைப் பற்றிப் பேசின.

மிதப்பு நீடிக்கவில்லை. காலையில் கார் படுத்துக் கிடந்தது. ஒரு மூலை தாழ்ந்தது. மறு மூலை எழுந்தது. காற்றோடு சேர்ந்து உள்ளே புகுந்த ஈரம் குழாய்களில் தங்கி வால்வுகளைக் கெடுத்தது. ஓரிரு ஆண்டுகளுக்குள் பெரும்பாலான கார்களின் விற்பனைப் பட்டியலிலிருந்து காற்றுவில் மறைந்தது. 1957, 1958 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்து 704 பிரௌம் கார்களே கட்டப்பட்டன. அவற்றிலும் பலவற்றின் உரிமையாளர்கள் காற்றுவில்லைக் கழற்றிவிட்டு இரும்புச் சுருளைப் பூட்டிக்கொண்டார்கள்.

இங்கே சிறிது நிற்போம். ஒரே நிறுவனம், ஒரே காற்று, ஏறக்குறைய ஒரே ரப்பர். பேருந்தில் வென்றது காரில் தோற்றது ஏன்? பலரும் சொல்லும் காரணம், காரில் பூட்டியவை நன்றாகச் செய்யப்படவில்லை என்பது. அதில் உண்மை உண்டு. ஆனால் அது முழு உண்மையன்று என்பது என் கருத்து.

பேருந்தின் காற்றுவில்லும் கசிகிறது. இரவெல்லாம் பணிமனையில் நின்ற பேருந்து விடியற்காலையில் சற்றுத் தாழ்ந்தே இருக்கும். ஆயினும், பெரிய வண்டிகளின் பிரேக்கும் காற்றினால் இயங்குவதால், எஞ்சினோடு இணைந்த வலிய காற்றமுக்கி ஒன்று அங்கே எப்போதும் உண்டு. ஓட்டுநர் காலையில் எஞ்சினை முடுக்கி, காற்றழுத்தமானியின் முள் ஏறும் வரை காத்திருப்பது அவர் தொழிலின் ஒரு பகுதி. அதற்குள் வண்டி எழுந்துவிடும். சிறு கசிவு கணக்கில் வராது. கார் அப்படியன்று. அது நாளில் ஒரு மணி நேரம் ஓடுகிறது. இருபத்து மூன்று மணி நேரம் தூங்குகிறது. அதன் காற்றமுக்கி சிறியது. உரிமையாளர் காத்திருக்கப் பழகாதவர். கார் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும் என்று எண்ணுபவர். காற்றுவில்லைக் காரில் தோற்கடித்தது சாலையின் குழியன்று, இரவு. ஓடும் வண்டியை வைத்தே சோதித்துப் பழகிய பொறியியலாளர்கள், நிற்கும் வண்டியின் நீண்ட இரவைப் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

பிரான்சில் இதே காலத்தில் வேறொரு வழி காணப்பட்டது. சித்ரோவென் நிறுவனத்தில் பால் மாழே என்பவர், காற்றை வெளியிலிருந்து எடுத்துக் கொண்டே இருப்பதற்குப் பதிலாக, நைட்ரஜன் வாயுவை ஓர் இரும்பு உருண்டைக்குள் அடைத்து மூடிவிட்டார். வாயுவுக்கும் சக்கரத்திற்கும் நடுவே எண்ணெய் நின்று விசையைக் கடத்தியது. உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் எண்ணெயையே பாய்ச்சினார். 1954-இல் ஒரு காரின் பின்புறத்தில் சோதித்து, 1955 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் டி.எஸ். என்னும் காரில் நான்கு சக்கரத்திற்கும் வைத்தபோது, முதல் நாளிலேயே 12,000 பேர் பதிவு செய்தார்கள். வாயுவைப் பிடித்து வைப்பதைவிட எண்ணெயைப் பிடித்து வைப்பது எளிது என்ற நுட்பம் இதில் உண்டு. ஆனால் டி.எஸ். காரும் நிறுத்தி வைத்தால் மெல்லத் தாழும்; எஞ்சின் எழுந்ததும் தானும் எழும். பிரெஞ்சுக்காரர் அதைக் குறையாக எண்ணாமல் அந்தக் காரின் குணமாக எண்ணிப் பழகிக்கொண்டார்கள்! ஜெர்மனியில் மெர்சிடிஸ் நிறுவனம் 1961-இலும், பிறகு 1963-இல் வந்த தன் பெரிய 600 காரிலும் காற்றுவில்லையே தொடர்ந்து பயன்படுத்தியது. செல்வரும் அரசுத் தலைவர்களும் ஏறிய அக்கார்களைப் பேணுவதற்கு ஆட்களும் பணமும் இருந்தன என்பதை மறக்கலாகாது.

காற்றுவில் மீண்டும் பொதுச் சாலைக்கு வந்தது மின்னணுக் கருவிகளின் துணையோடு. 1984-ஆம் ஆண்டு மாதிரியாக வந்த லிங்கன் கார்களில், வண்டியின் உயரத்தை உணரிகள் அளந்து கணிப்பொறிக்குச் சொல்லும். அது வால்வுகளைத் திறந்து மூடும். இங்கிலாந்தில் 1970 முதல் சுருள்வில்லின் மேல் ஓடிவந்த ரேஞ்ச் ரோவர் வண்டிக்கு, 1992-இல் இத்தகைய காற்றுவில் வந்தது. 1994-இல் வந்த இரண்டாம் தலைமுறை வண்டியில் அதுவே நிலையான உறுப்பாயிற்று. ஆட்கள் ஏறுவதற்குத் தாழவும், நெடுஞ்சாலையில் சற்றுப் பதுங்கி ஓடவும், கற்காட்டில் உயர்ந்து நிற்கவும் ஒரே வண்டியால் முடிந்தது. இரும்பு வில்லால் இதைச் செய்ய இயலாது. அதன் பிறகு பெரிய எஸ்.யு.வி. வண்டிகள் பலவும் இந்த வழியில் வந்தன.

வண்டி புதிதாக இருந்தவரையில் எல்லாம் நலம். ஆனால் ரப்பருக்கு வயது உண்டு. காற்றுவில் என்பது நார் பின்னிய ரப்பர் உறை. அது ஓர் உருளையின் மேல் காலுறை மடிவது போல மடிந்து மடிந்து உருளுகிறது. மடிப்பு விழும் இடம் ஓடும்போது இலட்சக் கணக்கான முறை வளைகிறது. புழுதியும் மணலும் அங்கே சேர்கின்றன. வெப்பமும் காற்றிலுள்ள ஓசோனும் அதை வறளச் செய்கின்றன. ஆண்டுகள் கடந்தபின் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றுகின்றன. குழாய் சேரும் இடங்களிலுள்ள ரப்பர் வளையங்களும் இறுகிவிடுகின்றன. அப்போது 1958-ஆம் ஆண்டின் பழைய கதை மீண்டும் தொடங்குகிறது. அமெரிக்கர் அன்று செய்தது போலவே, இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் பழைய ரேஞ்ச் ரோவர் வண்டிக்காரர் பலர் காற்றுவில்லைக் கழற்றிச் சுருள்வில்லுக்கு மாறினர். வேறு சிலர் கசிவைத் தேடக் கற்றுக்கொண்டார்கள்.

இனி என் மருமகன் வீட்டு வாயிலுக்குத் திரும்புவோம்.

அவருடைய வண்டியைப் பார்க்க வந்த மெக்கானிக் என் பழைய மாணவர். ஒன்பதாம் வகுப்பில் அவருடைய முன்னேற்ற அறிக்கையில், "பாடத்தில் கவனம் போதாது" என்று எழுதிக் கையெழுத்திட்டவன் நான். அதை அவர் மறந்திருக்கக்கூடும், நான் மறக்கவில்லை.

கம்ப்ரஸர் இருமுறை எரிந்தது என்று கேட்டதும் அவர் சிரித்தார். "ஐயா, கம்ப்ரஸர் செத்தது உண்மை. அதைக் கொன்றது யார் என்று இவர்கள் கேட்கவே இல்லை" என்றார். பிறகு விளக்கினார். இந்த வண்டிகளின் கம்ப்ரஸர் சிறு மின்மோட்டாரால் இயங்குவது. சில நிமிடம் ஓடி, தொட்டியை ஏறத்தாழ 10 வளிமண்டல அழுத்தத்திற்கு நிரப்பி, நின்று, ஆறுவதற்காக அமைந்தது. எங்கோ கசிவு இருந்தால் அது ஓயாமல் ஓடும், சூடேறும், பிஸ்டன் வளையம் தேயும். காற்றின் ஈரத்தை உறிஞ்சும் உலர்த்திக் குப்பியும் தன் அளவுக்கு மேல் ஈரம் குடித்து நிறைந்துவிடும்; பிறகு ஈரம் வால்வுகளுக்குப் போகும். கசிவை விட்டுவிட்டுக் கம்ப்ரஸரை மட்டும் மாற்றினால், புதியதும் பழையதன் வழியே போகும். முன்பு வண்டியைப் பார்த்தவர்கள் நேர்மையற்றவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். கண்ணுக்கு எதிரே எரிந்து கிடந்ததை மாற்றினார்கள். அவ்வளவே.

முதல் இரவு, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை டேப்பு வைத்து அளந்து, நான்கு எண்களையும் மதில் சுவரில் சாக்குக் கட்டியால் எழுதினார். காலையில் நான்கு மூலையும் ஏறக்குறைய ஒரே அளவு தாழ்ந்திருந்தன. "நான்கு பெல்லோஸும் போய்விட்டன போலும்" என்று மருமகன் கலங்கினார். மெக்கானிக் தலையசைத்தார். இந்த வகை வண்டி தூங்கும்போதும் அதன் கணிப்பொறி அவ்வப்போது விழித்துப் பார்க்குமாம். ஒரு மூலை தாழ்ந்திருந்தால், வண்டி கோணி நிற்காமல் இருக்கும் பொருட்டு, மற்ற மூன்றிலிருந்தும் காற்றை வெளியேற்றி அதன் மட்டத்திற்குக் கொண்டுவருமாம். ஒருவன் செய்த குறும்புக்கு வகுப்பு முழுவதையும் பெஞ்சின் மேல் நிற்க வைக்கும் ஆசிரியரை எனக்கு நன்றாகத் தெரியும். ஆகையால் இதைப் புரிந்துகொள்வதில் சிரமம் இருக்கவில்லை.

இரண்டாம் இரவு, வண்டி நிமிர்ந்து நின்றதும் அந்தக் கணிப்பொறியின் பியூஸைக் கழற்றிவிட்டார். இப்போது தண்டிப்பவர் இல்லை. குற்றவாளி மட்டுமே தனித்து நிற்க வேண்டும். விடிந்ததும் முன்புற இடமூலை 62 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. மற்ற மூன்றும் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் அசையவில்லை.

அதோடு முடியவில்லை. தாழ்ந்தது இடமூலை என்றால், கசிவது அந்த மூலையின் ரப்பர் உறையா, அதற்குச் செல்லும் குழாயா, அல்லது காற்றை அனுப்பி நிறுத்தும் வால்வுப் பெட்டியா? மூன்றும் ஒரே விளைவைத் தரும். மூன்றாம் நாள், வண்டியின் சட்டத்தை உறுதியான இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்தி, அந்த உறையின் காற்றை இறக்கி, குழாயை வால்வுப் பெட்டியிலிருந்து கழற்றினார். மாணவர்களே, இதைக் கவனியுங்கள்: காற்றினால் மட்டும் நிற்கும் வண்டியின் அடியில் தலையை நீட்டுவது கூடாது. காற்று சொல்லிக்கொள்ளாமல் போகும். வண்டியின் எடை இரண்டு டன்னுக்கு மேல்.

கழற்றிய குழாயின் முனையில் டயரில் இருப்பது போன்ற ஒரு வால்வைப் பொருத்தினார். பட்டறையின் காற்றுக் குழாயால் அதன் வழியே உறையை நிரப்பி, வண்டியைப் பழைய உயரத்திற்குக் கொண்டுவந்து ஸ்டாண்டுகளை எடுத்தார். இப்போது வால்வுப் பெட்டிக்கும் அந்த மூலைக்கும் தொடர்பே இல்லை. மறுநாள் காலை மூலை தாழாமல் நின்றால் குற்றம் வால்வுப் பெட்டியினுடையது. தாழ்ந்தால் உறையினுடையது அல்லது குழாயினுடையது. தாழ்ந்தது. ஐயத்திற்குரியவர் மூவராக இருந்து இருவராகினர். தருக்க நூலில் நான் படித்த விலக்கு முறையை இவ்வளவு தெளிவாக எந்த நூலிலும் நான் கண்டதில்லை.

அதன் பிறகுதான் சோப்புத் தண்ணீர். முதலில் குழாயின் முனைகளில் தூரிகையால் பூசினார், ஒன்றும் இல்லை. உறையின் மேற்புறத்தில் பூசினார், ஒன்றும் இல்லை. பிறகு அந்த டயர் வால்வின் வழியே மேலும் காற்றை ஏற்றினார். மூலை உயர, மடிப்பிற்குள் மறைந்திருந்த ரப்பர் மெல்ல வெளியே வந்தது. புழுதியைத் துணியால் துடைத்து, ஸ்டாண்டை மீண்டும் கீழே கொடுத்து, அங்கே பூசிவிட்டுக் கைகட்டிக் காத்திருந்தார். நான் அவசரப்பட்டு, "இங்கும் இல்லை போலிருக்கிறதே" என்றேன்.

"பொறுங்கள் ஐயா. ஓர் இரவு முழுவதும் போகிற காற்று. ஒரு நொடியில் முகம் காட்டாது" என்றார்.

நான்கைந்து நிமிடம் சென்றபின் மடிப்பின் ஓரிடத்தில் வெண்மையாக ஏதோ திரண்டது. குமிழிகூட இல்லை, கன்றுக்குட்டியின் வாயோரத்தில் பால்நுரை ஒட்டியிருப்பது போன்ற மெல்லிய நுரை. விரலால் துடைத்தார், மீண்டும் அங்கேயே வந்தது. விளக்கை அருகில் கொண்டுசென்று பார்த்தபோது, வறண்ட ஏரித்தரை போல நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தன. பாயிலின் கண்ணாடிப் பாத்திரத்திலும் காடிலாக்கின் ரப்பர்ப் பையிலும் ஓடிப்போன காற்று, என் கண்முன் நுரைத்துக்கொண்டிருந்தது.

பழுதுபார்த்த வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முன்புறத்து இரண்டு உறைகளையும் மாற்றினார்கள். ஒரே வயதுடைய இரண்டில் ஒன்று வெடித்தால் மற்றதும் பின்தொடரும். பழைய குழாயின் முனையைக் கூரிய கத்தியால் நேராக வெட்டி, புதிய ரப்பர் வளையம் இட்டுச் செருகினார்கள். முனை சாய்வாக வெட்டப்பட்டால் அதுவே அடுத்த கசிவு. புதிய உறைக்குக் காற்று ஏறும் முன் வண்டியின் எடையை அதன் மேல் இறக்கவில்லை. இறக்கினால் மடிப்புத் தவறாக விழுந்து உறை முதல் நாளிலேயே கெடும். உலர்த்தியை மாற்றினார்கள். கம்ப்ரஸரை மாற்றவில்லை! பிஸ்டன் வளையத்தை மட்டும் மாற்றினார்கள். இரண்டு உறைகளுக்கும் சேர்ந்து ஆன செலவு, முன்பு வீணான கம்ப்ரஸர் ஒன்றின் விலையை எட்டவில்லை.

இரும்புச் சுருளுக்கே மாறிவிடலாமா என்று மருமகன் நடுவில் ஒருமுறை கேட்டதுண்டு. அது குற்றமன்று. பட்டறை இல்லாத ஊரில், தொலைவில் தனியே போக வேண்டியவருக்கு இரும்பே துணை. ஆனால் கசிவு எங்கே என்று தெரியாத நிலையில் மாறுவது ஒன்று. தெரிந்தபின் மாறுவது மற்றொன்று. தெரிந்தபின் அவர் மாறவில்லை.

வேலை முடிந்த இரவு, மெக்கானிக் மீண்டும் டேப்பை எடுத்தார். பியூஸைக் கழற்றினார். நான்கு அளவுகளையும் சுவரில் பழைய எண்களுக்குக் கீழே எழுதினார். மறுநாள் ஐந்தரை மணிக்கே நான் எழுந்து போய்ப் பார்த்தேன்; அவர் எனக்கு முன்பே வந்து குனிந்து அளந்துகொண்டிருந்தார். முன்புறம் இரண்டும் எழுதிய அளவிலேயே நின்றன. பின்புற இடமூலையும் அப்படியே. பின்புற வலமூலையில் மட்டும் இரண்டு மில்லிமீட்டர் குறைந்திருந்தது. அவர் அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

"இது இன்றைக்கு ஒன்றும் செய்யாது, ஐயா. ஒரு மாதம் கழித்து வந்து மறுபடி அளந்து பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு, சாக்குக் கட்டியை என் கையில் கொடுத்துப் போனார்.